சுக்ரா எழுதிக் கொடுத்த வாக்குமூலம்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்தத் தெருவில் யாரிடமாவது போய், சத்தமே வராத வீடு எது என்று கேட்டால் சுக்ராவின் லைன் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஒரே வரிசையில் பத்து அறை. பத்துக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய், துணி துவைக்க ஒரு கல். முன்பக்கத்து வீட்டில் சுக்ராவும் அவள் கணவர் சாந்த் பாஷாவும் இருந்தார்கள். அறைகளில் கம்பெனி ஆட்கள். தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், ஒடிசாக்காரர் என்று ஊருக்கு ஒருவராக இருப்பார்கள். ஊர்தான் வேறே தவிர எல்லோருக்கும் பிழைப்பு ஒன்றுதான். ஷிஃப்ட் முடிந்து வருவது, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது.

காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட் ஓடுவதால் அந்த வீட்டில் எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். சுக்ரா மிக்ஸி போடுவது மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் மட்டும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இரவு வேலைக்காரர்கள் எழுந்திருப்பார்கள், காலை வேலைக்காரர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். தேங்காய் உடைப்பதென்றால் தெருவுக்குப் போய் உடைப்பாள். புருஷனோடு சண்டை போடுவதும் கிசுகிசுப்பில்தான். இருபத்திரண்டு வருஷம் இப்படி இருந்தால் யாருக்கும் தொண்டை சுருங்கித்தான் போகும். காய் வாங்கப் போகிற இடத்தில் கடைக்காரர் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுத்தான் தராசில் போடுவார்.

அவளுடைய ஒரே மகள் மெஹ்னாஸ் இந்த முற்றத்தில்தான் வளர்ந்தாள். வளர்ந்த சத்தம்தான் யாருக்கும் கேட்கவில்லை. ஓடாதே, குதிக்காதே, மாமா தூங்குறாரு. அப்படியே வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். பெருநாளைக்கு அவளும் மாப்பிள்ளையும் வருவார்கள். ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளைகளாகச் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போவார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர்தானே, நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன வந்தது. சுக்ராவுக்கு வேண்டியிருந்தது யாரையும் போய்ப் பார்ப்பது அல்ல. தன் முற்றத்தில் ஒருவர் நின்று அவளை இரைந்து கூப்பிட வேண்டும். அவளும் இரைந்து பதில் சொல்ல வேண்டும். பிள்ளையே இல்லாதவளாக இருந்தாலாவது அந்த ஏக்கத்துக்கு ஊரில் ஒரு பெயர் இருந்திருக்கும். குத்துக்கல்லாக ஒரு மகளை வைத்துக்கொண்டு இன்னும் வேண்டும் என்றால் பேராசை என்பார்கள். அதனால் அவள் வாயைத் திறந்ததில்லை.

சாந்த் பாஷா ஆட்டு வியாபாரி. வாரம் தவறாமல் தன் சின்ன யானை சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போவார். அங்கே முனிவேல் என்று ஒருவன் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருவான். துண்டைப் போட்டு மறைத்து, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தை அது. பத்து வருஷமாக விரல் பிடித்த பழக்கம் இரண்டு பேருக்கும். அவன் வீடு எது, வாசல் எது என்று பாஷா பார்த்ததில்லை. அவன் கை பொய் சொல்லாது என்று மட்டும் தெரியும்.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்துக் கடைசியில் புயல்மழை அடித்தது. புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் கவலை என்று இருந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே ராத்திரியில் பாடம் கிடைத்தது. ஏரி நிரம்பி, விடிகிற வேளையில் கரை உடைந்துகொண்டது. கரைக்குக் கீழே முனிவேலுடைய தெரு. சனங்கள் பள்ளிக்கூட மாடிக்கு ஏறித் தப்பினார்கள். பட்டியில் அடைத்த ஆடுகளுக்கு ஏற மாடி இல்லை. வீடுகள் மண்சுவர், நின்றபடிக்கே கரைந்தன. செய்தி வந்ததும் பாஷா சாப்பிட்ட கையைக் கழுவினார், வண்டியை எடுத்தார். மறுநாள் மத்தியானம், ஆடு ஏற்றுகிற அந்த வண்டியில் மூன்று குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார்.

சுக்ராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறங்கியவர்கள் எல்லோரும் முழங்கால் வரை சேறும் மேலே ஈரமுமாக நின்றார்கள். முனிவேல் நின்றான். அவன் பெண்டாட்டி ராஜாத்தி ஒரு கையில் பிளாஸ்டிக் குடமும் மறு கையில் நாலு வயசுப் பெண் குழந்தையுமாக நின்றாள். சரிதா என்கிற அந்தக் குழந்தை சாத்தியிருந்த பத்துக் கதவுகளையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு எங்க வூட்டுக்குப் போலாம் என்று ஆரம்பித்து, தகரக்கூரை அதிர்கிற மாதிரி ஒரு குரல் எடுத்து அழுதது. சுக்ராவின் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போய்விட்டது. அதற்குள் கதவுகள் திறந்தன. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மாதவன், திருநெல்வேலிக்காரன், சிவந்த கண்ணோடு வெளியே வந்தான். இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று சுக்ரா நினைத்தாள். அவன் வண்டியைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், உள்ளே போய்த் தன் போர்வையை எடுத்துக்கொண்டு வந்து ராஜாத்தியின் தோளில் போட்டுவிட்டு, என் ரூமை எடுத்துக்கிடுங்க அக்கா, நான் ஒடிசாக்காரங்கூடப் படுத்துக்கிடுதேன் என்றான். அரை மணி நேரத்தில் மூன்று அறை காலியாகிவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் சுக்ராவின் கைவேலை. பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து இரண்டு வேளைச் சாப்பாடு வரவழைத்தாள். கார்த்திகை மாதம், இவர்கள் கவிச்சி தொடமாட்டார்கள் என்று சொல்லி, சாம்பார் சாதமாகவே கேட்டு வாங்கினாள். மெஹ்னாஸின் பழைய சுரிதார்களைப் பிரித்து மூன்று குழந்தைகளுக்குப் பாவாடை தைத்தாள். எண்ணெய், சீப்பு, பெண்களுக்கு வேண்டிய துணி வரைக்கும், யாரும் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னால் அறையில் கொண்டுபோய் வைத்தாள். நாலு நாளைக்குத்தான் என்று பாஷா சொல்லியிருந்தார். நாலு நாள் மூன்று வாரமானது. ஒரு குடும்பம் பர்கூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனது. இன்னொன்று, ஆனது ஆகட்டும் என்று ஊருக்கே திரும்பி, இடிந்த இடத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டது. முனிவேல் குடும்பம் மட்டும் தங்கியது. அவனுக்கு ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் காண்ட்ராக்ட் வேலை கிடைத்திருந்தது. ராஜாத்தி பேரிகைப் பக்கம் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் பூ வெட்டப் போனாள். காலை ஆறரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயந்திரம் இறக்கிவிடும். நடுவில் குழந்தை சுக்ராவிடம் இருந்தது.

சரிதாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஏரிக்கரைக்கு மேலே நிற்கிற அப்பனைக் கீழேயிருந்து கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை. குழாயடியிலிருந்து அடுப்படிக்கு, "பெரிம்மா, தண்ணி வருது" என்று கூவும். முதல் இரண்டு நாள் சுக்ரா ஓடிப்போய் வாயைப் பொத்தினாள். மூன்றாம் நாள், வரட்டும்டி, கொடத்த வெய்யி என்று அடுப்படியிலிருந்தே ஒரு சத்தம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவளே பயந்து போனாள். அது தன் குரல்தானா என்று இருந்தது. அதற்கப்புறம் மிக்ஸி காலை எட்டு மணிக்கே ஓடியது. குக்கர் தன் இஷ்டத்துக்கு விசில் அடித்தது. மாதவன் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினான். அந்த நாட்களில் சுக்ரா சந்தோஷமாக இருந்தாள். வெள்ளத்தில் வீடிழந்து வந்தவர்களை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று குறுகுறுக்கும்தான். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ராஜாத்தியும் அதற்குத் தகுந்தவள். எதையும் கேட்டுத்தான் செய்வாள். மார்கழி பிறந்ததும், அறை வாசலில் கோலம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் அடுப்பை இடம் மாற்றினாள், கேட்டுவிட்டுத்தான் கொடியில் துணி போட்டாள். ஒரு நாள் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்ளட்டுமா என்றாள். சுவரில் ஆணி கூடாது என்பது லைன் வீட்டுச் சட்டம். குடி வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிற வழக்கத்தில், ஜன்னல் கம்பியில் மாட்டிக்கோம்மா என்று சுக்ரா சொன்னாள். ராஜாத்தி தலையாட்டிவிட்டுப் போனாள். என்ன மரியாதை தெரிந்த பெண் என்று சுக்ரா பாஷாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

வெள்ளத்தில் அவர்களுடைய குடும்ப அட்டை போய்விட்டது. புது அட்டை எடுக்க வேண்டும். அதிகாரிகள் ஊருக்கு வந்து இடிந்த வீடுகளைக் கணக்கெடுக்கிறார்கள், அரசாங்கமே வேறு இடத்தில் வீடு கட்டித் தரப்போகிறது, அட்டை நகல் கேட்கிறார்கள் என்று முனிவேல் ஒரு சாயந்திரம் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை சுக்ரா பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இவர்கள் ஒரு நாள் போய்விடுவார்கள் என்பது அதுவரைக்கும் அவள் மனசில் ஏறவேயில்லை.

அட்டை வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், நான் சும்மாத்தானே இருக்கிறேன் என்று ராஜாத்தியின் போனையும் ஆதார் கார்டையும் வாங்கிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனாள். அதை நடத்துகிற ஹரீஷ்குமார் தெருக்காரப் பையன். விவரமெல்லாம் தட்டிவிட்டு, விலாசம் பழையதையே போடலாமா, இங்கே மாற்றிவிடலாமா என்று கேட்டான். இங்கே மாற்றினால் பொங்கல் பரிசு இந்த ரேஷன் கடையிலேயே கிடைக்கும், பழைய விலாசம் என்றால் அதற்கு ஊத்தங்கரைக்குத்தான் ஓட வேண்டும் என்றும் சொன்னான். பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. கடையில் முழுக் கரும்பு கொடுப்பார்களாமே என்று சரிதா நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய விலாசத்தில் இருப்பவர்களுக்குத்தான் புது வீடு என்பது சுக்ராவுக்குத் தெரியும். தெரியாது என்று பிற்பாடு யாரிடமும் அவள் சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் மட்டும் கரும்பைப் பற்றி நினைத்துக்கொண்டாள். "இங்கயே போடுப்பா" என்றாள்.

விலாசத்துக்கு ஆதாரம் வேண்டுமே என்றான். ராஜாத்தி சுக்ராவின் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறாள் என்று ஓர் ஒப்பந்தம் அச்சடித்துக் கொடுத்தான். வீட்டுக்காரி என்ற இடத்தில் சுக்ரா கையெழுத்துப் போட்டாள். குடியிருப்பவர் என்ற இடத்துக்கு அன்று சாயந்திரம் ராஜாத்தியிடம் நீட்டினாள். பூ வெட்டி முள் குத்திய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அக்கா கொண்டுவந்த காகிதத்தில் படித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று அவள் போட்டுக் கொடுத்தாள்.

பொங்கல் நல்லபடியாக நடந்தது. நல்லபடியாக என்றால், அந்த வீட்டில் அப்படி ஒரு நாள் அதுவரை நடந்ததில்லை. லீவு கிடைக்காமல் ஊருக்குப் போக முடியாத ஆட்கள் ஆறு பேர் இருந்தார்கள். முற்றத்தில் செங்கல் கூட்டி ராஜாத்தி பானை வைத்தாள். பொங்கும்போது குலவையும் கூச்சலுமாக, ஒடிசாக்காரன் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தான். சரிதா தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தை ஒன்பது சுற்றுச் சுற்றி வந்தாள். சுக்ரா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். இது இப்படியே இருக்கட்டும் என்று அல்லாவிடம் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிவேல் ஊருக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வீடு தருகிற பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். தெருவில் எல்லோர் பேரும் இருக்கிறது. ராஜாத்தி பேரை மட்டும் அடித்து, எதிரே, ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது. கேட்டால், புது அட்டையில் ஓசூர் விலாசம் இருக்கிறதே என்கிறார்கள். கம்ப்யூட்டர்க்காரன் எங்கேயோ தப்பாகத் தட்டிவிட்டான் போலிருக்கிறது அக்கா என்று அவன் சுக்ராவிடமே சொன்னான்.

அதைத் தட்டச் சொன்னது யார் என்று சுக்ராவுக்குத் தெரியும். ஆனாலும் அப்போது அவள் வாயில் வந்தது வேறு. போனால் போகுது தம்பி, இங்கே உங்களுக்கு என்ன குறை, இந்த அறையை யார் கேட்கப்போகிறார்கள், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். முனிவேல் தலையைக் குனிந்துகொண்டான். ராஜாத்தி அறை வாசலில் நின்றிருந்தாள். அவள் அழுதது சத்தமில்லாமல்தான்.

"கொறையே இல்லக்கா," என்றாள் ராஜாத்தி. "கூடப் பொறந்தவகூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டா. ஆனா மூணு மாசமா நான் எல்லாத்தையும் கேட்டுக்கினு செய்யறேன். ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூடக் கேட்டுத்தான் அடிக்கணும். அது உங்க தப்பில்ல, உங்க வூடு. எனக்குனு ஒரு செவுரு இருந்தா, கேக்காம ஒரு ஆணி அடிப்பேன். அதுக்குத்தான்க்கா அந்த வூட்ட நம்பிக்கினு கெடந்தேன்."

இத்தனை நாளாக மரியாதை என்று தான் பெருமைப்பட்டது எது என்று அப்போதுதான் சுக்ராவுக்குப் புரிந்தது. குடியிருப்பவர்களிடம் பேசிப் பேசி, இந்தப் பெண்ணையும் அவள் குடியிருப்பவளாகத்தான் வைத்திருந்தாள். இருந்துவிட்டுப் போ என்று சொல்லத் தெரிந்ததே தவிர, இது உன்னுடையது என்று ஒரு சுவரைக் கொடுக்கத் தெரியவில்லை. கொடுக்கவும் முடியாது, அது வேறு விஷயம்.

"கம்ப்யூட்டரு தப்பில்லம்மா," என்றாள். "அந்தப் பையன் கேட்டான். நாந்தான் இந்த வெலாசத்த போடச் சொன்னேன்."

பொங்கல் பரிசுக்காகத்தானே அக்கா சொல்லியிருப்பீர்கள் என்று முனிவேல் அவளுக்காக அவசரமாக ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். சுக்ரா பிடித்துக்கொள்ளவில்லை.

"கரும்புக்குனு சொல்லிக்கினேன். நீங்க போயிருவீங்களேனு தான் போட்டேன்."

ராஜாத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை வேன் வந்தபோது குழந்தையையும் கையோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். சுக்ரா மிக்ஸியைத் தொடவில்லை. குழாயில் தண்ணீர் வந்து, குடம் நிரம்பி வழிந்து, முற்றமெல்லாம் ஓடிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த மாதவன், காதில் கட்டத் துண்டை எடுத்தவன், முற்றத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். இல்லை என்று அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை.

பாஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. செய்தது நீ, போய்ச் சொல்ல வேண்டியதும் நீ, வண்டி ஓட்டுவது மட்டும் நான் என்றார். அவ்வளவுதான் அவர் பேசுவார். முனிவேல் கம்பெனியில் கேட்டுப் பார்த்தான், லீவு கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ராஜாத்தியும் குழந்தையும் சுக்ராவும் வண்டியின் முன்பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிருஷ்ணகிரி தாண்டிப் போகிற வரைக்கும் ராஜாத்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சரிதா மட்டும் இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் தூக்காத பாரம் தன் மடியில் ஏறியபோது, சுக்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

ஊத்தங்கரை தாலுகா ஆபீசில் துணை வட்டாட்சியர் ஓர் அம்மாள். கூட்டத்துக்கு நடுவிலும் பொறுமையாகக் கேட்டார். சுக்ரா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வாடகைக்குக் குடிபோனவர்கள், சொந்தக்காரர் வீட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டவர்கள், இந்த இரண்டு வகையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று அந்த அம்மாள் விளக்கினார். இவர்கள் அந்த இரண்டிலும் சேராதவர்கள் என்று வீட்டுக்காரியே வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால், மறுபடி சேர்க்கத் தானே குறிப்பு எழுதி மேலே அனுப்புவதாகவும் சொன்னார். பக்கத்து மேஜை எழுத்தர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சொல்லச் சொல்ல எழுதும்மா என்றார்.

சுக்ரா எட்டாவது வரை படித்தவள். எழுத்து குண்டு குண்டாக இருக்கும், பிழை இருக்காது. மேற்படி ராஜாத்தி குடும்பத்தினர் வெள்ளத்தின் காரணமாக என் வீட்டில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டவர்கள் என்று எழுதினாள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அல்லர் என்று எழுதினாள். குடும்ப அட்டைக்காக என்னால் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது என்றார் எழுத்தர். தவறுதலாக என்பது பொய் என்று அவளுக்குப் பட்டது. அந்தத் தாளில் எழுதப்போகும் ஒரே பொய் அதுதான் என்று நினைத்தபடி எழுதினாள். அதற்குள் எழுத்தர் அடுத்த வரியைச் சொல்லிவிட்டார்.

எனக்கும் இவர்களுக்கும் எவ்வித உறவும் இல்லை.

பேனா நின்றுவிட்டது. எழுத்தர் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னார். அவர் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற வரி, அவர்மேல் குற்றமில்லை. சுக்ரா எழுதினாள். என் வீட்டில் இவர்களுக்கு எவ்வித உரிமையும் இல்லை என்பதையும் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாகக் குண்டு குண்டாக எழுதினாள்.

அப்போது, ஜன்னலோரமாக நின்று வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சரிதா அங்கிருந்தே, ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில் கூப்பிட்டாள்.

"பெரிம்மா, இங்க வந்து பாரேன், கொரங்கு."

எழுத்தர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். குழந்தையைப் பார்த்தார், சுக்ராவைப் பார்த்தார். பெரியம்மா என்று கூப்பிடுகிறதே, உறவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். துணை வட்டாட்சியரும் கையிலிருந்த கோப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு சந்தையில இவ புருஷன்கிட்ட ஆடு வாங்குவாருங்க," என்றாள் சுக்ரா. "அந்தப் பழக்கந்தாங்க. வேற ஒண்ணும் இல்ல."

குழந்தைகள் யாரை வேண்டுமானாலும் அப்படித்தானே கூப்பிடும் என்றும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போது சரிதாவின் பக்கம் பார்க்கவில்லை. குழந்தை இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

எழுத்தர் தலையாட்டினார். கீழே பயனாளியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை ராஜாத்தி பக்கம் நகர்த்தினார். அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"இந்த வரி இல்லாம குடுக்க முடியாதுங்களா சார்?" என்றாள்.

அது இல்லையென்றால் பேர் சேராதும்மா என்றார் அவர்.

ராஜாத்தி சுக்ராவைப் பார்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு இப்போதுதான் முகத்தை நேராகப் பார்க்கிறாள். சுக்ரா பேனாவை அவள் விரலுக்குள் வைத்து மூடினாள்.

"போடும்மா," என்றாள். "சொந்தமா ஒரு செவுரு வரட்டும்."

ராஜாத்தி போட்டாள். எழுத்தர் அந்தத் தாளை வாங்கி, ஓட்டை போட்டு, கயிறு கோத்துக் கோப்பில் கட்டினார். துணை வட்டாட்சியர் ஓரத்தில் பச்சை மையில் இரண்டு வரி எழுதி, போயிட்டு வாங்க, பேர் வந்துரும் என்றார். எழுத்தர் பேனாவைத் திருப்பிக் கேட்டார். அது இரண்டு பேர் கைக்கும் நடுவில் இருந்தது. ராஜாத்தி சுக்ராவின் கையை விடவில்லை. அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்ட பிறகும் அவள் விடவில்லை.